பயிற்சிக்கு வர்றவங்களை எக்செல்லில் உட்கார வைக்காதீங்க

திருப்பூர், பல்லடம் பக்கம் தொண்டு நிறுவனம் நடத்துறவங்களுக்கு ஒரு குறிப்பு. பொது சுகாதாரம் படிச்சிட்டுப் பயிற்சிக்கு வர்றவங்களை முதல் வாரம் கிராம சுகாதார செவிலியரோடு அனுப்புங்க (ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கிட்டு). 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அரசுத் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை வீட்டுக்கே எப்படிப் போய்ச் சேருதுன்னு கண்ணால் பார்க்கட்டும்.

மேற்பார்வைக்கு ஒரே ஆள். பேராசிரியர் ஒண்ணு சொல்லி, நம்ம ஒருங்கிணைப்பாளர் வேற சொன்னா அந்தப் பிள்ளை நடுவில் மாட்டிக்கும். வாரம் ஒரு மணி நேரம் நேரில் உட்காருங்க. வாட்ஸ்அப்பில் 'ஓகே' போடுறது மேற்பார்வை இல்லீங்க.

நூற்பாலைப் பஞ்சுத்தூசியால் வரும் நுரையீரல் நோய் பற்றித் தொழிலாளிகளைப் பேட்டி எடுக்க ஆசைப்படுவாங்க. நல்ல ஆசைதான். ஆனா ஆட்களை வச்சு ஆய்வு செய்யலாமான்னு பார்த்துச் சொல்ற நெறிமுறைக் குழுவோட அனுமதி வாங்குறதுக்குள்ளேயே பயிற்சிக் காலம் ஓடிடும். அதனால், பெயர் நீக்கிய பழைய மருத்துவ முகாம் பதிவேடுகளைக் கொடுத்து, நமக்கு உண்மையிலேயே தேவைப்படுற ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடச் சொல்லுங்க.

கள வேலை இருந்தா சனிக்கிழமை சாயங்காலம் வேண்டாம். சம்பள நாள், பனியன் கம்பெனி வாசலில் யாரும் நின்னு பேச மாட்டாங்க.