உங்கள் ஏர் ரைபிளுக்குச் சரியான பெல்லட்டைக் கண்டுபிடிப்பது எப்படி? – ஆரம்பநிலையினருக்கான செய்முறை

10 மீட்டர் ஏர் ரைபிள் இலக்கில் பத்தாம் வளையம் என்பது 0.5 மி.மீ. விட்டமுள்ள ஒரு வெள்ளைப் புள்ளி. பெல்லட்டின், அதாவது ஏர் ரைபிளில் இடும் சிறு ஈயக் குண்டின், விட்டம் 4.5 மி.மீ. அதன் விளிம்பு புள்ளியைத் தொட்டாலே 10.0 கிடைத்துவிடும். அதாவது, பெல்லட்டின் நடு, இலக்கின் நடுவிலிருந்து 2.5 மி.மீ. வரை தள்ளிப் போகலாம். அங்கிருந்து உள்ளே வரும் ஒவ்வொரு 0.25 மி.மீ.க்கும் 0.1 புள்ளி கூடும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ராவுக்குப் பதக்கம் கைநழுவிய அந்த ஒற்றை ஷாட்டில் அவர் அடித்தது 10.0, எதிராளி அடித்தது 10.5. இடைவெளி சுமார் 1.25 மி.மீ. இந்த அளவில் போட்டியிடும் விளையாட்டில், பேரலுக்கு (ரைபிளின் குழலுக்கு) பொருந்தாத பெல்லட்டே ஒரு மில்லிமீட்டரைத் தின்றுவிட்டால் பயிற்சி செய்து என்ன பயன்?

பலர் டின்னை வாங்கியதும் தராசைத் தேடுகிறார்கள். எடை பார்ப்பது கடைசி வேலை. முதல் வேலை, உங்கள் பேரலுக்குப் பிடித்த லாட்டை, அதாவது ஒரே தொகுப்பாகத் தயாரான பெல்லட்டுகளை, கண்டுபிடிப்பது.

படி 1: வாங்குவது

போட்டிக்கு உரியது தட்டையான தலை கொண்ட ஈய பெல்லட். ரைபிளுக்கு வழக்கமான எடை 0.53 கிராம். டின்னில் 4.49, 4.50, 4.51 என்று தலையின் விட்டம் அச்சிட்டிருக்கும். கூடவே ஒரு லாட் எண்ணும் இருக்கும். கவனிக்க வேண்டியது அந்த எண்ணைத்தான். பெல்லட் செய்யும் அச்சுகள் தேயும், மாற்றப்படும். அதனால் ஒரே நிறுவனம், ஒரே 4.50 என்றாலும் லாட் மாறினால் அது வேறு பெல்லட் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெல்லட்டின் தலை பேரலின் உட்புறச் சுழல்வரிகள் மேல் சவாரி செய்கிறது. பாவாடை போல விரிந்த பின்பகுதி காற்று கசியாமல் அடைக்கிறது. தலை சிறுத்தால் பெல்லட் பேரலுக்குள் லேசாகச் சாய்ந்து புறப்படும். பெருத்தால் பிதுங்கி, வேகம் ஷாட்டுக்கு ஷாட் மாறும். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஈயம் மென்மையானது, அளவுகோலின் தாடை அழுத்தியதுமே அளவு மாறிவிடும்.

மூன்று அல்லது நான்கு லாட்டில், ஒவ்வொன்றிலும் ஒரு டின் வாங்குங்கள். வாங்கும் முன், அதே லாட்டில் இன்னும் எத்தனை டின் இருக்கிறது என்று கடையில் கேளுங்கள். சோதித்துத் தேர்ந்தெடுத்த பிறகு கையிருப்பு இல்லை என்றால் அத்தனை உழைப்பும் வீண்.

படி 2: ரைபிளைத் தயார் செய்வது

தோளில் சாய்த்துப் பிடிக்கும் கட்டையோடு பேரல் பகுதியைப் பிணைக்கும் திருகுகளை, கையேட்டில் சொன்ன முறுக்கு அளவுக்கு இறுக்குங்கள். தளர்ந்த திருகை வைத்துக்கொண்டு பெல்லட்டைப் பழி சொல்லக் கூடாது. சிலிண்டரில் காற்று போதுமான அளவு இருக்கட்டும். பாதிச் சோதனையில் தீர்ந்துபோனால் முடிவை நம்ப முடியாது. பேரலை ஃபெல்ட் துண்டால் துடைத்திருந்தால், பிறகு 15 முதல் 20 ஷாட் சும்மா சுடுங்கள். உள்ளே மெல்லிய ஈயப் படலம் படிந்த பிறகுதான் பேரல் நிதானத்துக்கு வரும். சோதனை முடியும் வரை மறுபடி துடைக்க வேண்டாம்.

ரைபிளை வைஸில் (மேசையில் பொருத்திய இறுக்குப்பிடியில்) பூட்டினால் மிகச் சிறப்பு. இல்லையென்றால் மணல் பை போதும். பை எப்போதும் கட்டையின் அதே இடத்தில் இருக்கட்டும். பேரலிலோ சிலிண்டரிலோ படக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள், இலக்கின் பின்னால் பெல்லட்டைத் தடுத்துப் பிடிக்கும் பொறி இருக்கட்டும். 4.5 மி.மீ. துளையும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிளுக்கு இந்தியாவில் உரிமம் தேவையில்லை. போட்டி ரைபிளின் ஆற்றல் சுமார் 8 ஜூல்தான். ஆனால் 8 ஜூலும் ஒரு கண்ணைப் பறிக்கும்.

படி 3: சுடுவது

ஒரே அட்டையில் ஒரே குறியில் சுடும் ஷாட்களின் தொகுதிதான் குரூப். ஒரு லாட்டுக்கு 5 குரூப், குரூப்புக்கு 5 ஷாட். ஒவ்வொரு குரூப்புக்கும் புது அட்டை. ஒரு லாட்டை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். அ, ஆ, இ, பிறகு இ, ஆ, அ என்று மாற்றி மாற்றிச் சுடுங்கள். உங்கள் களைப்பும் சிலிண்டரின் காற்றழுத்தமும் எல்லா லாட்டுக்கும் சமமாகப் பங்காகும். லாட் மாறும்போதெல்லாம் 5 ஷாட் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள்.

பெல்லட்டை இடும்போது நகத்தால் குத்தித் தள்ளக் கூடாது. தடத்தில் நேராகப் படுக்க வைத்து மெதுவாக மூடுங்கள். பாவாடை ஓரத்தில் ஒரு சின்ன நெளிவு விழுந்தால், அந்த ஷாட் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அளப்பது எளிது. குரூப்பின் வெளி விளிம்பிலிருந்து எதிர் வெளி விளிம்பு வரை அளந்து, 4.5 மி.மீ. கழியுங்கள். வெளி அளவு 6.8 மி.மீ. என்றால் குரூப் 2.3 மி.மீ. ஐந்து குரூப்பின் சராசரிதான் அந்த லாட்டின் மதிப்பெண். ஒரே ஒரு அழகான குரூப்பைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள், அது தற்செயலாகவும் அமையும். தள்ளிப் போன ஷாட்டை ‘என் தப்பு’ என்று நீக்கவும் கூடாது; அந்த ஷாட்டைக் காட்டத்தானே சோதனையே. இரண்டு லாட்டுக்கும் 0.2 மி.மீ. தான் வித்தியாசம் என்றால் அவை சமம். தீர்மானிக்க இன்னும் ஐந்து குரூப் சுடுங்கள்.

மணல் பையில் உங்கள் குறிபார்க்கும் பிழையும் கலந்திருக்கும். அதனால் அந்த எண்களை லாட்டுகளை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.

வேகமானி கிடைத்தால் அதையும் பாருங்கள். சுமார் 170 மீட்டர்/வினாடி வேகத்தில் புறப்படும் பெல்லட், 10 மீட்டருக்குள் ஏறத்தாழ 18 மி.மீ. கீழே இறங்குகிறது. வேகம் 1 சதவீதம் மாறினால் இந்த இறக்கம் 2 சதவீதம், அதாவது சுமார் 0.36 மி.மீ. மாறும். 0.1 புள்ளிக்கு மேல் அங்கேயே போயிற்று. குரூப் மேலும் கீழுமாக நீண்டிருந்தால் முதலில் வேகத்தைச் சந்தேகியுங்கள்.

படி 4: பொறுக்குவதும் எடை பார்ப்பதும்

லாட் முடிவான பிறகு விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு பெல்லட்டின் பாவாடையையும் பாருங்கள். சமமான கண்ணாடித் தட்டில் உருட்டினால் நல்ல பெல்லட் வளைந்து சீராகப் போகும், நெளிந்தது தள்ளாடும். எடை பார்ப்பதைவிட இந்தப் பொறுக்கலில்தான் பலன் அதிகம் என்பது எங்கள் கருத்து.

எடை பார்ப்பதானால் 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும். அரை மணி நேரம் முன்பே போட்டுவையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், அளவுக்கல் வைத்துச் சரிபாருங்கள். 0.005 கிராம் இடைவெளியில் பிரித்தால் போதும். எடையில் 0.005 கிராம் வித்தியாசம் இலக்கில் 0.2 மி.மீ.க்கும் குறைவான வித்தியாசமாகவே தெரியும். அதைவிடப் பொடியாகப் பிரிப்பது பொறுமையை வீணாக்குவது.

படி 5: வைத்திருப்பது

டின்னைக் கீழே போட்டால் உள்ளே இருப்பவற்றை மறுபடி பொறுக்குங்கள். சட்டைப் பையில் கொட்டிக்கொண்டு போகாதீர்கள். கடலோர ஈரப்பதத்தில் ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி படியும். அப்படிப் பொடி பூத்ததை விலக்கிவிடுங்கள். ஈயம் நஞ்சு. பெல்லட்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் சில சிறுவர்களிடம் உண்டு. அதைப் பார்த்தால் உடனே தடுங்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது. சமையலறைத் தட்டும் மேசையும் இந்த வேலைக்கு ஆகாது.

டின் மூடியில் லாட் எண், ரைபிள் எண், சராசரிக் குரூப், தேதி எழுதி ஒட்டுங்கள். ரைபிளின் காற்றழுத்தச் சீராக்கியைப் பழுது பார்த்தாலோ பேரலை மாற்றினாலோ அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டு, படி 2-லிருந்து மறுபடி தொடங்குங்கள்.