வீட்டில் மார்பகப் புற்றுநோய் இருந்திருக்கிறதா? குழந்தைத் திட்டத்தையும் கூடவே யோசியுங்கள்

முதலில் ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்கள். தாத்தா பாட்டி வரை மூன்று தலைமுறையை எழுதி, யாருக்கு எந்த உறுப்பில் புற்றுநோய் வந்தது, எத்தனை வயதில் வந்தது, பெண்களுக்கு மாதவிடாய் எந்த வயதில் நின்றது என்று பக்கத்தில் குறியுங்கள். அப்பா வழியையும் எழுத வேண்டும், இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அத்தைக்கு வந்தது நம்மை என்ன செய்யும் என்று நினைப்பு, ஆனால் அத்தைக்குப் புற்றுநோய் வரக் காரணமான மரபணு மாற்றம் அப்பாவிடமும் சத்தமில்லாமல் இருக்கலாம், இருந்தால் அவரிடமிருந்து உங்களுக்கு வர 50 சதவீத வாய்ப்பு. "கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க" என்று யாரைப் பற்றியாவது சொன்னால், எதற்காக எடுத்தார்கள் என்றும் கேளுங்கள்.

இதற்கும் குழந்தைப்பேறுக்கும் என்ன சம்பந்தம்? செல்லுக்குள் டி.என்.ஏ.வின் இரண்டு இழையும் சேர்ந்து அறுந்துவிட்டால், அதைப் பிழையில்லாமல் ஒட்டும் வேலையில் பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 ஆகிய மரபணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒவ்வொன்றிலும் நமக்கு இரண்டு பிரதி. ஒன்று பழுதாகவே பிறந்தவருக்கு, ஏதோ ஒரு செல்லில் மற்றதும் கெட்டால் புற்றுநோய்க்கு வழி திறக்கிறது. 2017-ல் வந்த பெரிய ஆய்வின்படி, இந்த மாற்றம் உள்ள பெண்களில் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இரண்டிலுமே 70 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. சினைப்பைப் புற்றுநோய்க்கு, முதலாவதில் 44, இரண்டாவதில் 17 சதவீதம்.

இப்போது கருமுட்டைக்கு வருவோம். ஒரு பெண் பிறக்கும்போதே முழுக் கையிருப்போடுதான் பிறக்கிறாள். 30, 40 வருடம் காத்திருக்கும் முட்டையின் டி.என்.ஏ.வை அத்தனை காலமும் பழுதுபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், முடியாதபோது முட்டை அழிந்துவிடும். பழுதான முட்டையை அழிக்கச் சொல்லும் காவலாளிகளில் ஒன்று செக்2 என்ற மரபணு. அதில் ஒரு பிரதி வேலை செய்யாத பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சுமார் மூன்றரை வருடம் தள்ளிப்போகிறது என்று 2021-ல் கண்டுபிடித்தார்கள். அட, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அதே பழுது மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுகிறது!

பி.ஆர்.சி.ஏ.1 மாற்றம் உள்ளவர்களுக்கு முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். என்ற ஹார்மோனின் அளவு சற்றுக் குறைவு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, எல்லாம் ஒத்துப்போகவில்லை. எப்படியானாலும் கருத்தரிக்கவே முடியாது என்று அர்த்தமில்லை. உண்மையான நெருக்கடி வேறு இடத்தில் இருக்கிறது. சினைப்பைப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடிக்க நம்பகமான பரிசோதனை இல்லாததால், சினைப்பையையும் கருக்குழாயையும் முன்கூட்டியே எடுத்துவிடச் சொல்கிறார்கள், பி.ஆர்.சி.ஏ.1 என்றால் 35-40 வயதில், பி.ஆர்.சி.ஏ.2 என்றால் 40-45-ல். அதனால் 25 வயதில் ரிசல்ட் தெரிந்தவருக்கும் 36-ல் தெரிந்தவருக்கும் கையில் இருக்கும் காலம் ஒன்றல்ல.

சரி, இந்த மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட். ரத்தமோ உமிழ்நீரோ போதும். முடிந்தால் புற்றுநோய் வந்தவருக்கே முதலில் எடுங்கள், ஏனென்றால் குடும்பத்தில் ஓடும் மாற்றம் எது என்று தெரியாமல் உங்களுக்கு மட்டும் 'இல்லை' என்று வந்தால் அதை வைத்து நிம்மதியாக முடியாது. 'அர்த்தம் தெரியாத மாற்றம்' என்ற வகையில் ரிப்போர்ட் வந்தால் அதை மட்டும் நம்பி எந்த உறுப்பையும் எடுக்கச் சம்மதிக்காதீர்கள். மரபணு ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.

மாற்றம் இருப்பது உறுதியானால், இயல்பாகவே சீக்கிரம் குழந்தை பெற்றுக்கொள்வது ஒரு வழி. கல்யாணம் இன்னும் ஆகவில்லை, இப்போது வேண்டாம் என்றால் முட்டையை உறையவைக்கலாம், சுமார் 2 வாரம் ஊசி போட வேண்டியிருக்கும். புற்றுநோய் ஏற்கெனவே வந்து கீமோ காத்திருக்கிறதா? அது முட்டைகளையும் பாதிக்கலாம். முதல் கீமோவுக்கு முன்பே கருத்தரிப்பு மருத்துவரைப் பார்க்கக் கேளுங்கள், டாக்டர் தானாகச் சொல்வார் என்று இருக்காதீர்கள். குழந்தைக்கு இது போகக்கூடாது என்று நினைப்பவர்கள் ஐ.வி.எஃப். முறையில் உடலுக்கு வெளியே கருவை உருவாக்கி, சோதித்து, மாற்றம் இல்லாத கருவைக் கர்ப்பப்பையில் வைக்கலாம். இந்தியாவில் 2021 சட்டம் ஏற்கெனவே தெரிந்த பரம்பரை நோய்க்காக அந்தச் சோதனையை அனுமதிக்கிறது, ஆணா பெண்ணா என்று பார்ப்பது குற்றம். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் கணவருக்கும் டெஸ்ட் எடுங்கள், இருவரிடமும் பி.ஆர்.சி.ஏ.2 மாற்றம் இருந்தால் குழந்தைக்கு ஃபான்கோனி ரத்தசோகை என்ற அரிய, கடுமையான ரத்த நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு.

ஆண்களே, நகர்ந்துவிடாதீர்கள். பி.ஆர்.சி.ஏ.2 மாற்றம் இருந்தால் புராஸ்டேட் புற்றுநோய் ஆபத்து கூடும், 40 வயதிலிருந்து அதற்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்வார்கள்.

அப்புறம் ரிப்போர்ட்டில் 'சி.' (c.) என்று தொடங்கி எண்ணும் எழுத்துமாக ஒரு வரி இருக்கும், மாற்றம் மரபணுவில் எந்த இடத்தில் என்று சொல்வது அதுதான். அதைப் போட்டோ எடுத்து அக்கா, தம்பி, சித்தி பிள்ளைகள் எல்லோருக்கும் அனுப்புங்கள். அவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறையும்.