லிங்கன்: ஒரு நாள், இரண்டு கால்கள், ஒரு குட்டிச்சாத்தான்

இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தை மாடி வீடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையமும் கடைத்தெருவும் கீழே, பேராலயமும் கோட்டையும் மேலே. இரண்டுக்கும் நடுவே படிக்கட்டு மாதிரி ஸ்டீப் ஹில். முதல் முறை நான் கடைத்தெருவில் பொழுதைக் கழித்துவிட்டு மாலையில் ஏறினேன். பேராலயத்தில் வழிபாட்டுக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது, வாசலோடு திரும்பினேன். இந்தப் பதிவு அந்த ஏமாற்றத்தில் பிறந்தது.

படி 1: காலையிலேயே மேலே போய்விடுங்கள். கடைகளை இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம். கடைத்தெருவான ஹை ஸ்ட்ரீட்டில் வடக்கு நோக்கி நடந்தால் வழி தவறாது. ஹை பிரிட்ஜில் மட்டும் ஒரு நிமிடம். மேலே நிற்கும்போது அது பாலம் என்றே தெரியாது. பக்கவாட்டுப் படிகளில் இறங்கி விதம் (Witham) என்ற ஆற்றின் கரையிலிருந்து பாருங்கள்: கல் வளைவின் முதுகில் மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள் உட்கார்ந்திருக்கும்.

படி 2: ஸ்டீப் ஹில். போனிலுள்ள வரைபடம் எனக்குத் தூரத்தைச் சொன்னது, ஏற்றத்தைச் சொல்லவில்லை. உருளைக்கல் பாவிய தெரு. மழை பெய்தால் வழுக்கும். பிடிமானமுள்ள பழைய ஷூ போதும், புது ஷூ வேண்டவே வேண்டாம். சக்கரம் வைத்த பெட்டியை இழுத்து வருவது தண்டனை. அடிவாரத்தில் 12ஆம் நூற்றாண்டுக் கல் வீடான ஜூஸ் ஹவுஸ் (Jew's House, யூதரின் வீடு) இருக்கிறது. மூச்சு வாங்க நிற்பதற்கு நல்ல சாக்கு.

படி 3: பேராலயம். 1072இல் தொடங்கி, 1185 நிலநடுக்கத்தில் சேதமாகி, பிஷப் ஹியூ காலத்தில் மறுபடி எழுந்தது. நடுக்கோபுரத்தின் கூர்முனை 1548இல் சரிந்துவிட்டதால், இப்போது மொட்டைத் தலைதான்.

எல்லோரும் தேடுவது கல்லில் செதுக்கிய குட்டிச்சாத்தானை. இரண்டாம் முறை வந்தபோது அதற்காக நான் கழுத்து வலிக்கத் தேடினேன். தூண்களின் அடியில் தேடியதுதான் தவறு. பேராலயத்தின் கிழக்குக் கோடியிலுள்ள ஏஞ்சல் கொயரில் கிழக்குப் பெரிய ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள். இடப்பக்கம்தான் வடக்கு. அந்த வரிசையில் இரண்டு வளைவுகள் சேருமிடத்தில், தூணுக்கு மேலே, ஒரு கால்மேல் இன்னொரு காலைப் போட்டுக்கொண்டு இளித்தபடி உட்கார்ந்திருப்பான். எதிர்பார்த்ததைவிட மிகச் சிறியவன். சிறிய பைனாகுலர் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். போன் கேமராவில் பெரிதாக்கினால் எனக்குக் கிடைத்தது வெறும் சாம்பல் நிறப் புள்ளி.

படி 4: எதிரே கோட்டை, 1068இல் இங்கிலாந்து மன்னன் வில்லியம் கட்டியது. மன்னனின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215 சாசனமான மாக்னா கார்ட்டாவின் எஞ்சிய நான்கு பிரதிகளில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. மதில்மேல் நடக்க டிக்கெட் வேண்டும். பேராலயம் முழுதாகக் கண்ணில் படுவது அங்கிருந்துதான் என்பதால் நான் தயங்காமல் காசு கொடுப்பேன். இன்னும் தெம்பிருந்தால் நியூபோர்ட் ஆர்ச் வரை போய் வாருங்கள். ரோமானியர் கட்டிய வாயிலின் கீழே இன்றும் கார்கள் போகின்றன.

பின்சேர்க்கை: தள்ளுவண்டியில் குழந்தையோடு போகலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். ஸ்டீப் ஹில் வழியாக வேண்டாம்; கீழிருந்து பஸ்ஸில் ஏறிவிடுங்கள்.

இன்னொருவர், லண்டனிலிருந்து லிங்கன் வரும் வழியில் ரயில் மாறும் நியூவார்க்கில் ரயிலைத் தவறவிட்டாராம். அந்த ஊரில் நார்த் கேட், காசில் என இரண்டு நிலையங்கள் உண்டு. லண்டன் ரயில் நிற்பது நார்த் கேட்டில். லிங்கன் ரயில் எதிலிருந்து கிளம்புகிறது என்பதை டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள்.