மலைக்குப் போகாத மாதங்களில் கொழும்பில் செய்ய வேண்டியவை

சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் டிசம்பர் மாதப் போயாவில் தொடங்கி வெசாக் போயாவுடன் முடிகிறது. அதன் பின்னர் தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை மலைநாட்டின் மேற்குச் சரிவுகளைப் பிடித்துக்கொள்ள, கொழும்பிலிருந்து மலையேறச் செல்லும் நம்மில் பலர் முதுகுப்பையை அலுமாரியின் மேல் ஏற்றிவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிடுகிறோம். எனது பொருட்களில் பாதிக்கு மேல் கெட்டுப்போனது அந்த அலுமாரியில்தான்.

முதலில் சப்பாத்து. பார்ப்பதற்குப் புதிதுபோல் இருந்த என் மலையேற்றச் சப்பாத்து, ஓராண்டு ஓய்வுக்குப் பின் நல்லதண்ணிப் பாதையில் இறங்கும்போது திடீரென வாயைப் பிளந்தது. கூடாரக் கயிற்றால் அடிப்பாகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மீதிப் படிகளை இறங்கினேன். பல சப்பாத்துகளின் நடு அடுக்கு பொலியூரித்தேன் நுரையால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அந்த நுரையை இரசாயன முறையில் மெல்லச் சிதைப்பதால், கொழும்பின் புழுக்கத்தில் காற்றுப் புகாத பெட்டிக்குள் ஈரத்தோடு மூடிவைப்பதே அதற்குச் செய்யும் மிகப் பெரிய கேடு. உலர்த்தி, காற்றோட்டமான இடத்தில் வைத்து, கிழமைக்கு ஒரு தடவையாவது அணிந்து நடவுங்கள். மாதம் ஒருமுறை அடிப்பாகத்தை வளைத்து, பக்கவாட்டைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள்: நுரை உறுதியாக இருந்து விளிம்பு மட்டும் விலகியிருந்தால் சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்து ஒட்டித் தைத்துக்கொள்ளலாம், நுரை பொடியாக உதிர்ந்தால் எந்தப் பசையும் பிடிக்காது.

கூடாரத்துக்கும் இதே ஈரம்தான் எதிரி. உட்புறப் பூச்சு பிசுபிசுத்துப் புளித்த வாடை அடிக்கத் தொடங்கிவிட்டால் அதை மீட்பது கடினம். ஆகவே வீடு திரும்பிய அன்றே இளஞ்சூடான நீரில் கையால் கழுவி, நைலோன் துணியை வெயில் பலவீனப்படுத்தும் என்பதால் நிழலிலோ மின்விசிறியின் கீழோ முழுவதுமாக உலர்த்தி, பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு வையுங்கள். உறங்கு பையையும் இறுக்கிச் சுருட்டாதீர்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்று கடற்காற்று படும் இடங்களில் வசிப்பவர்கள், உப்புப் பிடிக்கும் சிப்புகளில் மெழுகுதிரியைத் தேய்த்துவிடுவது நல்லது. தலைவிளக்கின் பற்றரிகளைக் கழற்றி வையுங்கள்.

உடலைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. ஓடைகளிலும் சேற்றிலும் நடந்து திரும்பிய பின் வரும் சில கிழமைகளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால், அது எலிக்காய்ச்சலாக இருக்கக்கூடும். தாமதிக்காமல் வைத்தியரிடம் சென்று, தண்ணீரில் இறங்கியதை நீங்களாகவே சொல்லுங்கள்.

பயிற்சிக்குக் கொழும்பு தட்டையான ஊர். காலிமுகத்திடலில் எத்தனை சுற்று நடந்தாலும் இறங்குமுகத்துக்குத் தொடைத் தசைகள் பழகா. மறுநாள் நம்மை முடக்குவதோ இறக்கம்தான். தொடர்மாடிப் படிகளே இதற்கு மருந்து. ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல்கள் மூன்றைப் பையில் வைத்துப் பத்து மாடி ஏறுங்கள். முதல் இரண்டு கிழமைகள் மேலே சென்றதும் தண்ணீரைப் பூந்தொட்டிகளுக்கு ஊற்றிவிட்டு வெறும் பையுடன் இறங்கினால் முழங்கால் தப்பும்; பிறகு சுமையோடு மெதுவாக இறங்கப் பழகிக்கொண்டு, போத்தல்களை ஒவ்வொன்றாகக் கூட்டலாம். காவலாளி விசித்திரமாகப் பார்ப்பார், பழகிவிடும்.

புறப்படுவதற்கு இரண்டு கிழமைகள் இருக்கையில், மழை பெய்யும் ஓர் இரவில் கூடாரத்தை மொட்டைமாடியில் போட்டு உறங்கிப் பாருங்கள். சீமெந்துத் தரையில் ஆணி இறங்காது. கயிறுகளைத் தண்ணீர்த் தாங்கியின் கால்களில் கட்டிக்கொள்ளலாம். எந்தத் தையலில் நீர் கசிகிறதோ அங்கே ஒரு துணிக் கிளிப்பைக் குத்திவிட்டுத் தூங்குங்கள். காலையில் அவ்விடத்தை உலர்த்தித் தையல் பசை பூச இன்னும் நாள் இருக்கிறது.