சிமேக்கில் செயலி (பிராசசர்) வகையை மாற்றும்போது பழைய பில்ட் கோப்புறை வேண்டாம்

ஒரே மூல நிரலை எக்ஸ்86-64, ஆர்ம்64 என்ற இரு செயலி வகைகளுக்கும் உருவாக்குகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நிரல் உருவாக்கத்தை ஒழுங்கமைக்கும் கருவியான சிமேக், முதல் முறை கட்டமைக்கும்போதே கம்பைலர் (மூல நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) தேர்வைத் தன் கேஷில், அதாவது அமைப்புகளைச் சேமிக்கும் கோப்பில், பதிந்துவிடுகிறது. பிறகு அதே பில்ட் கோப்புறையில் (உருவாகும் கோப்புகள் சேரும் இடம்) வேறு டூல்செயின் கோப்பை, அதாவது எந்தக் கம்பைலர், எந்தச் செயலி என்று சொல்லும் கோப்பை, கொடுத்தாலும் பழைய கம்பைலரே தொடரும். பிழைச் செய்தி எதுவும் வராமல் தவறான வகைக்கே நிரல் உருவாகிவிடும் என்பதுதான் இதில் மிகவும் ஆபத்தானது. ஆகவே ஒவ்வொரு செயலி வகைக்கும் தனி பில்ட் கோப்புறை வைத்துக்கொள்ளுங்கள். கேஷைக் கையால் திருத்துவதைவிட இதுவே நம்பகமானது.

நிரலோடு இணைக்கும் நூலகங்களும் (தயார் நிலையிலுள்ள நிரல் தொகுப்புகள்) அதே செயலி வகைக்கானவையாக இருக்க வேண்டும்.

லினக்ஸிலும் மேக்கிலும் ‘ஃபைல்’ கட்டளையிடம் உருவான கோப்பைக் கொடுங்கள். எந்தச் செயலிக்கானது என்று உடனே சொல்லிவிடும். லினக்ஸில் ஆர்ம்64 கோப்பானால் அதன் மறுபெயரான ‘ஏஆர்ச்64’ என்று காட்டும். வெளியிடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.