தனியாகக் காட்டுக்குள் நடப்பவருக்கு: கையில் ஒரு சிபி ரேடியோ

சிட்னிக்கு மேற்கே ப்ளூ மவுண்டன்ஸில் தனியாக நடக்கும்போது என் பையின் தோள்வாரில் 5 வாட் சிபி ரேடியோ ஒன்று மாட்டியிருக்கும்; பொதுமக்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் வாக்கி-டாக்கி போன்ற கருவி அது. ஆஸ்திரேலியாவில் இதற்குத் தேர்வும் இல்லை, கட்டணமும் இல்லை. 477 மெகாஹெர்ட்ஸ் பக்கம் 80 சேனல்கள். வாங்கிய அன்றே பேசலாம். அமெரிக்கர்களின் 27 மெகாஹெர்ட்ஸ் கைக்கருவியை இணையத்தில் பார்த்து வாங்கிவிடாதீர்கள். அந்த அலையின் நீளம் 11 மீட்டர், கையளவு ஆன்டெனா அதற்குப் போதாது. நம் 477 மெகாஹெர்ட்ஸ் (யுஹெச்எஃப்) அலையோ முக்கால் மீட்டர்கூட இல்லை, குட்டி ஆன்டெனாவே நன்றாக வேலை செய்யும்.

பெட்டியில் அச்சடித்திருக்கும் கிலோமீட்டர் கணக்கை நம்ப வேண்டாம். இந்த அலைக்கு மலை குறுக்கே நிற்கக் கூடாது. பெரீஸ் லுக்டவுன் என்ற மலைவிளிம்பிலிருந்து பள்ளத்தாக்கிலுள்ள ப்ளூ கம் காட்டுக்குச் சுமார் 600 மீட்டர் இறங்கினால் சுற்றிலும் மணற்பாறைச் சுவர்; அங்கிருந்து கூப்பிட்டால் பெரும்பாலும் யாருக்கும் கேட்காது. அதனால் இறங்கும் முன்பே விளிம்பில் நின்று பேசிவிடுங்கள். ஆன்டெனாவை நேராக நிமிர்த்தி, உடம்பை விட்டுத் தள்ளிப் பிடியுங்கள். பத்தடி நகர்ந்தாலே சில சமயம் குரல் தெளிந்துவிடும். நண்பர் யாராவது மேலே காரோடு காத்திருந்தால் நேரம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு இரட்டைப்படை மணிக்கும் முதல் ஐந்து நிமிடம் இருவரும் ரேடியோவைப் போட வேண்டும், மற்ற நேரம் அணைத்து வைக்கலாம். பேட்டரி இரண்டு மூன்று நாள் வருவதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான். குளிர் இரவில் கருவியைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

குரலோடு காதுக்குக் கேட்காத ஓர் அடையாள ஒலியை (டோன்) அனுப்பும் சிடிசிஎஸ்எஸ் என்ற அமைப்பைக் கருவியில் வீட்டிலேயே அணைத்துவிடுங்கள். அது ஓடினால் அதே டோன் வைத்திருப்பவர் குரல் மட்டுமே கேட்கும், பக்கத்துப் பாதையில் உதவி கேட்பவர் காதில் விழமாட்டார்.

சேனல்களில் 5, 35 இரண்டும் அவசரத்துக்கு மட்டும்; அரட்டைக்குத் தொடவே கூடாது, சட்டப்படியும் தவறு. 22, 23-இல் பேச்சே கூடாது. நெடுஞ்சாலை லாரிக்காரர்கள் 40-இல் இருப்பார்கள், ஜீப் கிளப்காரர்கள் பெரும்பாலும் 10-இல். மரம் ஏற்றும் லாரி ஓடும் காட்டுச் சாலையில் சேனல் எண்ணோடு பலகை வைத்திருந்தால் அதையே போட்டுக் கேட்டபடி நடங்கள், வளைவுக்கு அப்பால் லாரி வருவது முன்பே தெரியும்.

ஆபத்து வந்தால் உயரமான இடம் தேடி, முழு பவரில் சேனல் 5-இல் கூப்பிடுங்கள். நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், என்ன ஆயிற்று என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்லிவிட்டுப் பொத்தானை விட்டுக் காத்திருங்கள். பதில் இல்லையா, கருவியில் டூப்ளெக்ஸ் என்ற முறையைப் போடுங்கள். அப்போது கருவி 35-இல் அனுப்பி 5-இல் கேட்கும். குன்றின் மேல் அவசர ரிப்பீட்டர் (குரலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) இருந்தால் உங்கள் குரலை அது வெகுதூரம் கொண்டுபோகும்.

ஆனால் எந்நேரமும் யாரோ கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று உறுதி கிடையாது. ஆகவே தனியாகப் போகிறவர் பிஎல்பி (ஆபத்தில் அழுத்தும் கையடக்க அவசர சமிக்ஞைக் கருவி) இல்லாமல் இறங்கக் கூடாது என்பது என் கண்டிப்பான கருத்து. அது 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கே செய்தி அனுப்பும். ப்ளூ மவுண்டன்ஸில் அதை இலவசமாகவே இரவல் தருகிறார்கள். பிளாக்ஹீத்திலுள்ள தேசியப் பூங்கா அலுவலகத்தில் கேளுங்கள், போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.