நீர்மூழ்கிக் கப்பல் செய்தியைப் படிப்பது எப்படி: காசிமேட்டுப் பசங்களுக்கு

நம்ம பக்கத்து டீக்கடையில் நீர்மூழ்கிக் கப்பல் பேச்சு வந்தாலே முதல் கேள்வி எத்தனை ஏவுகணை இருக்கு, எவ்வளவு ஆழம் போகும் என்பதுதான். ரெண்டும் தேவைதான், ஆனால் அங்கிருந்து ஆரம்பித்தால் விஷயம் பிடிபடாது. முதலில் கேட்க வேண்டியது, அது எவ்வளவு சத்தம் போடும் என்பது. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இதைக் கடலிலேயே தெரிந்துகொள்ளலாம். தெரிந்தவர் ஃபைபர் படகில் ஒருநாள் விடியற்காலையில் போங்கள். கரையை விட்டு நல்லா தள்ளி வந்ததும் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள், துடுப்பின் அகலமான பக்கத்தைத் தண்ணீருக்குள் இறக்கி, பிடியைக் காதோடு ஒட்டிவைத்து, மூச்சை அடக்கிக் கேளுங்கள். என் மாமா படகில் நான் முதல்தடவை இப்படிக் கேட்டபோது இன்னும் இருட்டு பிரியவில்லை, சுற்றி எதுவுமே தெரியவில்லை, காதில் மட்டும் கடகடவென்று ஒரு துடிப்பு வந்துகொண்டே இருந்தது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒரு லாஞ்சின் விளக்கு கண்ணில் பட்டது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், கடல்நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டர். ரேடார் அலையோ தண்ணீருக்குள் இறங்கிய உடனே செத்துப்போகும், வெளிச்சமும் ரொம்ப தூரம் போகாது. அதனால் கடலுக்கு அடியில் காதுதான் கண்.

லாஞ்சில் இருக்கிற எக்கோ சவுண்டர் தானே ஒலியை அனுப்பி, தரையிலோ மீன் கூட்டத்திலோ பட்டுத் திரும்புவதைக் கேட்கும். நீர்மூழ்கியிலும் அந்த மாதிரி சோனார் உண்டு, ஆனால் அதை லேசில் தொடமாட்டார்கள், ஏனென்றால் ஒருதடவை ஒலி அனுப்பினால் தான் இருக்கிற இடத்தை ஊருக்கே சொன்ன மாதிரி. சும்மா கிடந்து கேட்பதுதான் அதன் பிழைப்பு.

அடுத்து எஞ்சினைப் பாருங்கள். டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும், அதனால் முழுகியபின் பேட்டரியில்தான் ஓட வேண்டும். பேட்டரி இறங்கினால் மேல்மட்டத்துக்கு வந்து ஸ்நார்கெல் குழாயை நீட்டி, டீசலை ஓட்டிச் சார்ஜ் ஏற்ற வேண்டும். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். மும்பை மசகான் டாக்கில் கட்டிய நம்முடைய ஆறு கல்வரி வகைக் கப்பல்களும் டீசல்-பேட்டரிதான். ஆறாவதான வாக்‌ஷீர் 2025 ஜனவரியில் கடற்படையில் சேர்ந்தது. அணு உலை உள்ளதற்குக் காற்றே தேவையில்லை, உள்ளே சாப்பாடு தீரும்வரை மாதக்கணக்கில் கீழேயே இருக்கலாம், வேகமும் அதிகம். அதற்காக அணுசக்தி என்றாலே உசத்தி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உலையைக் குளிர்விக்கும் பம்பு, டர்பைன் எல்லாம் ஏதோ ஒரு சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும், பேட்டரியில் மெல்ல ஊர்கிற டீசல் கப்பலோ கல் மாதிரி அமைதியாகக் கிடக்கும். கரையோரக் கடலில் அதைத் தேடுவது பெரிய பாடு.

அப்புறம், எந்த வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். 2016ல் சேர்ந்த அரிஹந்த், 2024ல் சேர்ந்த அரிகாத் இரண்டும் அணு ஆயுத ஏவுகணை சுமப்பவை, யார் கண்ணிலும் படாமல் இருப்பதுதான் அவற்றின் முழு வேலை. கப்பலை வேட்டையாடுபவை வேறு. 1971 டிசம்பர் 9 அன்று டையூ பக்கம் நம்முடைய குக்ரி கப்பலைப் பாகிஸ்தானின் ஹாங்கோர் என்ற டீசல் நீர்மூழ்கி, தண்ணீருக்குள்ளேயே பாய்ந்து போய் வெடிக்கும் டார்பிடோவால் மூழ்கடித்தது, நம் ஆட்கள் 190 பேருக்கு மேல் போனார்கள். 1982ல் ஃபாக்லாந்து தீவுப் போரில் பிரிட்டனின் கான்கரர் என்ற நீர்மூழ்கி அர்ஜென்டினாவின் பெல்கிரானோ என்ற போர்க்கப்பலை அடித்தபின், அந்த நாட்டின் பெரிய கப்பல்கள் கரையோரத்தை விட்டு வெளியே வரவே இல்லை. ஒரு கப்பலை அடித்து ஒரு கடற்படையையே கட்டிப்போட்டார்கள் பாருங்கள், நீர்மூழ்கியின் பலம் அங்கேதான் இருக்கிறது. கண்ணிவெடி போடுவது, கமாண்டோக்களை இறக்குவது, ஒட்டுக்கேட்பது எல்லாம் கூடவே உண்டு.

தேடுகிறவர்களையும் மறக்காதீர்கள், அவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானத் தளத்தில் இருந்து கிளம்பும் பி-8ஐ விமானம் கடலில் ஒலி கேட்கும் மிதவைகளை வரிசையாகப் போட்டுவிட்டு மேலே சுற்றும். ஆழம் குறைந்த கடலில் நீர்மூழ்கியைத் தேட 2025 ஜூனில் சேர்ந்த அர்னாலா கப்பலைக் கட்டியது எண்ணூர் தாண்டி இருக்கிற காட்டுப்பள்ளி தளத்தில்தான். அந்த வேலை சுலபம் இல்லை. கத்தாளை மீன் காற்றுப்பையை அதிரவைத்து உறுமும், இறால் வகை ஒன்று படபடவென்று பொரியும், மேலே நூறு லாஞ்சு ஓடும். போதாததற்கு, வெதுவெதுப்பான மேல் தண்ணீரும் குளிர்ந்த அடித்தண்ணீரும் சேருமிடத்தில் ஒலி வளைந்துவிடும். வங்கக்கடலில் ஆற்று நன்னீர் வேறு மேலே பரவிக்கிடக்கும். அந்த அடுக்குக்குக் கீழே பதுங்கினால் மேலிருக்கிற சோனாருக்குத் தெரியாமலே போகலாம். இந்த அடுக்கு கடலுக்குக் கடல், மாதத்துக்கு மாதம் மாறும், அதனால் எந்தக் கடல், எந்த மாதம் என்று சொல்லாத செய்தி பாதிச் செய்திதான்.

நம் ஊர்க் கதைகளையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுக எண்ணெய் டாங்கிகளைக் கொளுத்திய எம்டன் நீர்மூழ்கி என்று பெரியவர்கள் சிலர் இன்னும் சொல்வார்கள். அது மேலே மிதக்கிற ஜெர்மன் போர்க்கப்பல். சென்னைப் பக்கம் உண்மையிலேயே நீர்மூழ்கி வந்தது 1971ல். நம்முடைய விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தைத் தேடி பாகிஸ்தானின் காஜி இந்தக் கடலுக்கு வந்தது, விக்ராந்த் அதற்குள் அந்தமான் பக்கம் போயிருந்தது. டிசம்பர் 3-4 இரவில் காஜி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. ராஜ்புத் கப்பல் அடித்தது என்று இந்தியா சொல்கிறது, தான் போட்ட கண்ணிவெடியிலேயே சிக்கியது என்று பாகிஸ்தான் சொல்கிறது. இந்த மாதிரி விஷயத்தில் இரண்டு தரப்பையும் படித்துவிட்டுப் பேசுங்கள்.

முடிந்தால் நேரில் ஒன்றைப் பாருங்கள். சென்ட்ரலில் கோரமண்டல் ஏறினால் விசாகப்பட்டினம். கடற்கரையில் குர்சுரா நீர்மூழ்கி 2002 முதல் அருங்காட்சியகமாக நிற்கிறது. நீளம் 91 மீட்டர், உள்ளேயோ ரெண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். முன்னறையில் ஆறு டார்பிடோ குழாய், அதை ஒட்டியே படுக்கைகள். அங்கே ஒரு நிமிஷம் பேசாமல் நின்று, பின்னால் வருகிறவர்களின் செருப்புச் சத்தம் இரும்புத் தரையில் எவ்வளவு தூரத்திலிருந்து கேட்கிறது என்று கவனியுங்கள்.